காமநாயக்கன்பட்டிச் சுவாமியார்: வீரமாமுனிவரின் துறவும் அழைத்தலும்

சங்கரன்கோவிலிலிருந்து கழுகுமலை வழியாகக் கிழக்கே போகும் சாலையில் கரிசல் மண் தொடங்கிவிடுகிறது. கழுகுமலைக்கும் கயத்தாற்றுக்கும் நடுவே, அந்தக் கரிசல் காட்டுக்குள் அமைந்துள்ள ஊர்தான் காமநாயக்கன்பட்டி. ஆகஸ்ட் 15ஆம் நாள் பரலோக மாதா திருவிழாவுக்கு நம் ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போய் வருகிறோம். நேர்ச்சை செலுத்துகிறோம், தேர் பார்க்கிறோம், திரும்பி வருகிறோம். அந்த ஆலயத்தை மையமாகக் கொண்டு சுற்றுப்பட்டிகளுக்கெல்லாம் நடந்து போய்த் திருப்பலி நிறைவேற்றிய ஒரு பங்குத்தந்தைதான் தேம்பாவணி பாடியவர் என்பது திருவிழாவுக்குப் போகிறவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

வீரமாமுனிவரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் தேம்பாவணிப் பாடல்கள் இருக்கின்றன. சதுரகராதி, தொன்னூல் விளக்கம், பரமார்த்த குருவின் கதை என்று நூற்பெயர்களை ஒப்பிக்கிறார்கள். சென்னை மெரினா கடற்கரையில் 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட சிலைகளுள் அவருடைய சிலையும் ஒன்று. அறிஞர், கவிஞர், அகராதியின் தந்தை எல்லாம் சரிதான். ஆனால் அவரிடமே யாராவது 'நீர் யார்?' என்று கேட்டிருந்தால், இவற்றில் எதையும் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கத் தோன்றுகிறது. அவர் இயேசு சபைத் துறவி. மதுரை மறைப்பணித்தளத்தின் குரு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் பார்த்த வேலை அதுதான். நூல்கள் அந்த வேலைக்கு இடையிலும், பெரும்பாலும் அந்த வேலைக்காகவும் எழுதப்பட்டவை. இக்கட்டுரை அந்தக் குருவானவரைப் பற்றியது.

ஞானப்பிரகாசியார் பிறந்த ஊர்

கொன்ஸ்தான்சோ ஜுசேப்பே பெஸ்கி 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் வட இத்தாலியில், மாந்துவா நகருக்கு அருகில் உள்ள காஸ்திலியோனே என்னும் சிற்றூரில் பிறந்தார். இந்த ஊரின் பெயர் நமக்குப் புதிதாக இருக்கலாம். அந்த ஊர்க்காரர் ஒருவர் நமக்குப் புதியவர் அல்லர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஞானப்பிரகாசியார் என்று பெயர் சூட்டி அன்பு பாராட்டும் புனித அலோசியுஸ் கொன்சாகா பிறந்தது அதே ஊரில்தான், 1568இல். சிற்றரசரின் மூத்த மகனாகப் பிறந்தவர். பட்டத்துரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து இயேசு சபையில் சேர்ந்தார். உரோமை நகரில் கொள்ளை நோயாளிகளுக்குத் தொண்டு செய்து, 1591இல் இருபத்து மூன்றாம் வயதில் இறந்தார். பெஸ்கி சிறுவனாக இருந்த காலத்தில் அவர் முத்திப்பேறு பெற்றவராக ஏற்கெனவே வணங்கப்பட்டுவந்தார். ஊருக்குள் அப்படி ஒரு முன்மாதிரி இருந்தால் ஒரு சிறுவன் மனத்தில் என்ன விழும் என்பதை ஊகிப்பது கடினம் அல்ல.

மாந்துவாவில் இயேசு சபையார் பள்ளியில் படித்த பெஸ்கி, 1698இல் பதினேழு வயதில், பதினெட்டு முடியும் முன்னரே சபையில் சேர்ந்தார். இரவென்னா, பொலோஞா நகரங்களில் பயிற்சியும் கல்வியும் நடந்தன. 1709இல் குருப்பட்டம் பெற்றார். இலத்தீனில் நல்ல புலமை. இத்தாலியிலேயே ஏதாவது ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருந்து நிம்மதியாக வாழ்ந்து முடித்திருக்கலாம். ஆனால் அவர் சபையின் தலைமைத் தந்தை மிக்கேலாஞ்சலோ தம்புரீனியிடம் மதுரை மறைப்பணிக்கு அனுப்பும்படி கேட்டார். அனுமதி கிடைத்தது.

மதுரைக்குக் கேட்டார் என்பதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து ஐரோப்பிய இயேசு சபைக் கல்லூரிகளில் மறைப்பணியாளர்களின் கடிதங்கள் படிக்கப்பட்டுவந்தன. மதுரைப் பணித்தளம் என்றால் 1606இல் தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலி தொடங்கிய இடம். காவி உடுத்து, புலால் நீக்கி, தமிழும் வடமொழியும் கற்று வாழ வேண்டிய இடம். அதோடு, 1693ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டு உயிர் நீத்த இடம். அது நடந்தபோது பெஸ்கிக்குப் பன்னிரண்டு வயது. ஆகவே, எங்கே போகிறோம் என்று தெரியாமல் கேட்டவர் அல்லர்.

போர்த்துக்கல் அரசரின் ஞானாதிக்கத்துக்கு உட்பட்ட பணித்தளம் என்பதால் லிஸ்பன் துறைமுகத்திலிருந்துதான் கப்பல் ஏற வேண்டும். ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும் மாதக்கணக்கான பயணம். 1710இல் கோவா வந்து இறங்கினார். 1711இல் தமிழ் மண்ணை அடைந்தார். திரும்பிப் போகவே இல்லை.

கரிசல் காட்டில்

தொடக்க ஆண்டுகளில் அவர் பணியாற்றிய முக்கியமான இடம் காமநாயக்கன்பட்டி. அப்போது இந்தப் பகுதி மதுரை நாயக்கரின் ஆட்சியில் இருந்தது. ஆனால் அன்றாட அதிகாரம் பாளையக்காரர்களிடம். எட்டயபுரம் போன்ற பாளையங்களின் ஆதரவு ஓரிடத்தில் கிடைக்கும். பக்கத்து எல்லைக்குள் கால் வைத்தால் நிலைமை மாறும். எந்தச் சேர்வைக்காரரோ மணியக்காரரோ என்ன நினைக்கிறார் என்பதில் ஒரு குருவின் பாதுகாப்பும் அங்குள்ள கிறிஸ்தவர்களின் பாதுகாப்பும் தொங்கிக்கொண்டிருக்கும்.

இன்று ஒரு பங்கு என்றால் நம் மனத்தில் ஓர் ஆலயம், சில கிளைக் கிராமங்கள், பங்குத்தந்தை இல்லம், ஒரு பள்ளி வரும். அன்று ஒரு குருவின் பொறுப்பில் பல நாள் நடைத்தொலைவு பரந்த நிலப்பரப்பு இருந்தது. கூரை வேய்ந்த மண்சுவர்க் கோயில்கள். குரு ஓரிடத்துக்கு வருகிறார் என்றால் சுற்றுப்பட்டி மக்கள் எல்லாரும் கட்டுச்சோற்றோடு வந்து கூடுவார்கள். இரவு முழுவதும் பாவசங்கீர்த்தனம். காலையில் ஞானஸ்நானம், திருப்பலி, திருமணங்கள். பிறகு வழக்குகள், சண்டைகள், சமாதானங்கள். முடிந்ததும் அடுத்த ஊர். மறுபடி அவர் இந்த ஊருக்கு வர ஓர் ஆண்டு ஆனாலும் ஆகும்.

இந்த வாழ்க்கைக்கு நடுவில்தான் அவர் தமிழ் கற்றார். சுப்பிரதீபக் கவிராயர் அவருக்கு ஆசிரியராக இருந்தார் என்பது தமிழ்ப் புலவர்களிடையே வழங்கிவரும் மரபு. முறையாகக் கற்பித்தவர்கள் யாராக இருந்தாலும், அவருக்குப் பேச்சுத் தமிழ் வந்தது இந்த மக்களிடமிருந்துதான். பிற்காலத்தில் கொடுந்தமிழுக்கு, அதாவது மக்கள் வாயில் வழங்கும் தமிழுக்கு, இலத்தீனில் ஒரு தனி இலக்கணமே எழுதினார். செந்தமிழ் மட்டும்தான் தமிழ், மற்றது கொச்சை என்று புலவர்கள் ஒதுக்கிய காலத்தில், மக்கள் பேச்சுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று கண்டு அதை எழுதிவைத்தவர் அவர். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வருகிறவர் நன்னூல் படித்துவிட்டு வருவதில்லை. கேட்பவருக்குத்தான் புரிய வேண்டும். அந்த இலக்கணத்துக்கு வேர் அங்கே இருக்கிறது என்றால் மிகையாகாது.

குருக்கள்பட்டி

சங்கரன்கோவில் பகுதிக்கு வீரமாமுனிவரின் வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு. அது பெருமைப்படத்தக்க இடமா, வெட்கப்படத்தக்க இடமா என்று உடனே சொல்லிவிட முடியாது. 1714–15ஆம் ஆண்டுகளில், அவர் தமிழகத்துக்கு வந்து நான்கு ஆண்டுகள்கூட நிறைவுபெறாத நிலையில், குருக்கள்பட்டியில் எதிர்ப்புக்கு ஆளாகி, மரண தண்டனை வரை போய், உயிர் தப்பினார்.

நம் மறையுரைகளில் இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். வேதசாட்சியாக இறந்திருந்தால் திருவிழா இருந்திருக்கும். தப்பித்தவருக்கு என்ன விழா? ஆனால் எனக்கு இந்தத் தப்பித்தல்தான் அவருடைய அழைத்தலின் நடுப்புள்ளியாகப் படுகிறது. வேதசாட்சிக்கு ஒரே முடிவு. அந்த நாளோடு எல்லாம் நிறைவேறிவிடுகிறது. தப்பியவர் மறுநாள் காலையில் எழுந்திருக்க வேண்டும். எந்த ஊரார் தன்னைக் கொல்லத் துணிந்தார்களோ அதே ஊர்களின் வழியாக மறுபடியும் நடக்க வேண்டும். எதிரே வருகிறவர் யார் என்று தெரியாது. அவருக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. இத்தாலிக்குத் திரும்பக் கேட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்; போர்த்துக்கீசியர் பாதுகாப்பில் இருந்த கோவாவுக்காவது போயிருக்கலாம். அவர் இருந்துவிட்டார். தேம்பாவணி, சதுரகராதி, தொன்னூல் விளக்கம் எல்லாம் இந்த நிகழ்ச்சிக்குப் பிந்தியவை. குருக்கள்பட்டியில் அன்று வேறு விதமாக முடிந்திருந்தால் இவற்றில் ஒன்றும் நமக்குக் கிடைத்திருக்காது.

அவருடைய பெயரையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். கொன்ஸ்தான்சோ என்ற இத்தாலியப் பெயருக்கு நிலைத்து நிற்பவன் என்பது பொருள். அதைத் தமிழில் தைரியநாதர் என்று வழங்கினார்கள். வீரமாமுனிவர் என்னும் பெயர் பின்னர்ப் புலவர் வழக்கில் நிலைபெற்றது. நிலைத்து நிற்பதும் தைரியமும் வீரமும் ஒன்றே அல்ல. முதல் பெயர்தான் ஆளுக்குப் பொருத்தம் என்பது என் எண்ணம்.

வேதியருக்கு ஒரு நூல்

காமநாயக்கன்பட்டிக் காலத்துக்குப் பின் அவர் பணி வடக்கே நகர்ந்தது. கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஏலாக்குறிச்சி அவருடைய நீண்டகாலத் தளம் ஆயிற்று. அங்கே அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பி, ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். எதிர்ப்புக்கு அஞ்சி ஓடிவரும் கிறிஸ்தவர்களுக்கு அது உண்மையாகவே அடைக்கலமான ஊர். விருத்தாசலம் பக்கம் உள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா ஆலயமும் அவர் பெயரோடு இணைந்தது. மாதாவுக்குச் சேலை உடுத்திப் பார்த்தது இந்தக் கோயிலில்தான். நம் பாட்டிமார் மாதாவை இந்த ஊர்ப் பெண்ணாகவே எண்ணி முறையிடுகிறார்களே, அதற்குப் பின்னால் இப்படி ஒரு துறவியின் துணிவும் இருக்கிறது.

அவருடைய நூல்களில் எனக்கு மிகவும் நெருக்கமாகப் படுவது தேம்பாவணி அன்று. 1727இல் உரைநடையில் எழுதிய வேதியர் ஒழுக்கம். வேதியர் என்று அவர் இங்கே குறிப்பிடுவது உபதேசியார்களை. ஓர் ஆண்டில் ஒருமுறையோ இருமுறையோதான் குரு வருகிறார் என்றால், மீதி நாள்களில் திருச்சபையை நடத்தியது யார்? உபதேசியார்தான். செபம் சொல்லிக்கொடுத்தவர், புதியவர்களுக்கு மறைக்கல்வி கற்பித்தவர், சாகக்கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், அடக்கம் செய்துவைத்தவர், ஆபத்து வந்தபோது குருவுக்கு முன்னால் அடிபட்டவர் அவரே. அவருக்கு எழுதத் தெரியும். ஆனால் அவருக்கென்று எழுதப்பட்ட நூல் என்று பார்த்தால் அரிது. பெஸ்கி எழுதினார். உபதேசியார் எப்படி வாழ வேண்டும், எப்படிச் செபிக்க வேண்டும், மக்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு மூத்த சகோதரர் பேசுவதுபோல அந்நூல் போகிறது.

தமிழ் உரைநடை வரலாறு எழுதுகிறவர்கள் வேதியர் ஒழுக்கத்தைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள், உரைநடையின் தொடக்க நூல்களுள் ஒன்று என்று. உரைநடையைத் தொடங்கிவைப்பது அவர் நோக்கமாக இருந்திருக்காது. ஓலையில் எழுதினால் படி எடுத்து ஊர் ஊராக அனுப்பலாம், உபதேசியார் மாலையில் விளக்கு வெளிச்சத்தில் உரக்கப் படிக்கலாம், கேட்பவர்களுக்கும் புரியும். செய்யுளில் எழுதினால் அது நடக்காது.

எழுத்துச் சீர்திருத்தமும் இப்படித்தான் வந்திருக்க வேண்டும். எகர ஒகரங்களில் குறிலுக்குப் புள்ளி வைப்பது பழைய முறை. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் பலர் புள்ளியை விட்டுவிட, படிப்பவர் குறிலா நெடிலா என்று இடம் பார்த்து ஊகிக்க வேண்டியதாயிற்று. குறிலுக்கு ஒற்றைக் கொம்பும் நெடிலுக்கு மேலே சுழித்த கொம்பும் என்று பிரித்துக்காட்டும் முறை அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. நாம் இன்று செபப் புத்தகத்தில் இவற்றைத் தடுமாறாமல் படிக்கிறோம்.

வளனும் கருணையனும்

1726இல் முடிந்த தேம்பாவணி மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாடல் கொண்ட காப்பியம். வாடாத மாலை என்றும் பொருள் கொள்ளலாம். தேன் போன்ற பாக்களால் ஆன அணி என்றும் கொள்ளலாம். அதே 1726ஆம் ஆண்டின் கடைசி நாளில்தான் உரோமையில் ஞானப்பிரகாசியாருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. அந்தச் செய்தி மாதக்கணக்கில் கடல் கடந்து ஏலாக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தபோது அதே ஊரில் பிறந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்!

காப்பியத் தலைவர் புனித சூசையப்பர். நற்செய்தி நூல்களைத் திருப்பிப் பாருங்கள், சூசையப்பர் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. கனவு காண்கிறார், எழுந்திருக்கிறார், சொன்னபடி செய்கிறார். சொல்லையே கருவியாகக் கொண்ட ஒரு கவிஞர், பேசாத ஒரு தச்சரைத் தலைவராக எடுத்துக்கொண்டு 3615 பாடல் பாடியிருக்கிறார். அரசரும் வீரரும் தலைவராக வரும் தமிழ்க் காப்பிய வரிசையில் உழைத்துச் சாப்பிடும் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தியது சாதாரண காரியம் அன்று.

பெயர்களை அவர் கையாண்ட விதம் தனியாகப் பார்க்கத்தக்கது. யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்கு, கடவுள் மேன்மேலும் பெருகச் செய்வாராக என்பது பொருள். அதைப் பிடித்துக்கொண்டு வளன் என்று வைத்தார். யோவான் என்றால் ஆண்டவர் அருள் கூர்ந்தார் என்று பொருள்; திருமுழுக்கு யோவான் தேம்பாவணியில் கருணையன் ஆனார். பத்தாம் வகுப்புப் பாடத்தில் தாய் எலிசபெத்தை அடக்கம் செய்துவிட்டுப் புலம்பும் கருணையன் இவர்தான். அந்தப் பாடத்தைப் படிக்கும் சங்கரன்கோவில் மாணவர்களில் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர் அல்லர். தாயை இழந்த ஒரு பிள்ளையின் அழுகை அவர்களுக்கும் புரிகிறது. யூதேயா நாட்டுக்கு வயலும் வாழையும் கரும்பும் கொடுத்து அதைச் சோழநாடாகவே ஆக்கிவிட்டார் என்று சிலர் சிரிப்பார்கள். கேட்பவருக்கு நெல் வயல்தான் தெரியும், ஒலிவமரம் தெரியாது.

பிற சமயத்தாரின் நூலையும் அவர் அன்போடு படித்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 1730இல் இலத்தீனில் பெயர்த்தார். இன்பத்துப்பாலை விட்டுவிட்டார், துறவிக்கு அது வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். ஐரோப்பியர் குறளை அறிந்துகொண்ட வழிகளில் இது ஒன்று, ஜி. யூ. போப் 1886இல் தம் ஆங்கிலப் பதிப்பை வெளியிட்டபோது பெஸ்கியின் இலத்தீனையும் பயன்படுத்திக்கொண்டார்.

இரண்டு குறைகள்

புனிதர் வரலாறு எழுதுவதுபோல எல்லாவற்றையும் பூசி மெழுகினால் அவருக்கு நியாயம் செய்ததாகாது.

முதலாவது, லூத்தரன் சபையாரோடு அவர் நடத்திய சொற்போர். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தோரும் அச்சகம் வைத்து, விவிலியத்தையும் துண்டு நூல்களையும் தமிழில் அச்சிட்டுப் பரப்பினர். அவர்களுக்கு மறுப்பாக வேத விளக்கம், பேதகம் மறுத்தல், லூத்தேரினத்தியல்பு முதலிய நூல்களை எழுதினார். அவற்றின் நடையில் கடுமை அதிகம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வாழும் நமக்கு அவற்றைப் படிக்கும்போது மனம் கூசுகிறது. எதிர்த்தரப்பும் அப்படித்தான் எழுதியது என்பது சமாதானம் ஆகாது. ஆனால் ஒன்று நடந்தது: அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் அவர் வாழ்நாளிலேயே அச்சேறியது, 1738இல். அச்சிட்டவர்கள் அதே தரங்கம்பாடி லூத்தரன் அச்சகத்தார். பகைவர் எழுதியது என்று ஒதுக்கிவைக்கவில்லை. தமிழ் கற்க இதைவிட நல்ல நூல் இல்லை என்று கண்டு பதிப்பித்தார்கள். அந்தப் பெருந்தன்மையை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

இரண்டாவது குறை பெரிது. அவர் ஒருவருடையது மட்டும் அன்று. மதுரைப் பணித்தளம் தமிழ்ப் பண்பாட்டை ஏற்றுக்கொண்டபோது சாதியையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது. உயர்சாதியாருக்கு ஒரு வகைத் துறவி, மற்றவருக்குப் பண்டார சுவாமி என்று குருக்களிலேயே பிரிவு. ஒடுக்கப்பட்ட மக்களின் வீட்டுக்குள் சென்று நோயாளிகளுக்கு அருளடையாளம் வழங்கக் குருக்கள் தயங்கினார்கள். போனால் மற்றவர் தங்களை ஏற்கமாட்டார்கள் என்பது காரணம். 1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் கர்தினால் தூர்னோன் இதைக் கண்டித்து ஆணை பிறப்பித்தார். இழுபறி நாற்பது ஆண்டுகள் நீடித்து, 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் அதை உறுதிப்படுத்தினார். அப்போதும் கிடைத்த தீர்வு, ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று தனிக் குருக்களை ஏற்படுத்தியதுதான்! வீரமாமுனிவரின் பணிக்காலம் முழுவதும் இந்த இழுபறிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பண்பாட்டுமயமாதலுக்கு அவரை எடுத்துக்காட்டாகச் சொல்லும் நாம் இதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். தென்மாவட்டத்தில், வடக்கன்குளம் ஆலயத்துக்குள் சாதி வாரியாக மக்களைப் பிரித்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. நம் கல்லறைத் தோட்டங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பல்லக்கும் புலித்தோலும்

அவரைப் பற்றிய செய்திகளில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கதை என்பதில் கவனம் தேவை. அவர் மறைந்து எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1822இல் புதுவையைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளை அவருடைய வரலாற்றைத் தமிழில் எழுதினார். சென்னையில் அதிகாரியாக இருந்த தமிழறிஞர் எல்லிஸ் தூண்டுதலால் ஊர் ஊராகப் போய் அவருடைய சுவடிகளைத் தேடிச் சேர்த்தவர் இவர். இவருக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் மக்கள் சொன்ன செய்திகளையும் அப்படியே எழுதிவிட்டார். காதில் முத்துக் கடுக்கன், அமர்வதற்குப் புலித்தோல், ஏறிச் செல்லப் பல்லக்கு என்று நாம் படத்தில் பார்க்கும் தோற்றம் அங்கிருந்து வந்தது. திருச்சியைக் கைப்பற்றிய சந்தா சாகிப்பைக் காண, சில மாதங்களில் பாரசீகமும் உருதும் கற்று, அவரிடம் திவானாகவே பணியாற்றினார் என்பதும் அதில் உள்ள செய்தி. சந்தா சாகிப்பைச் சந்தித்திருக்கலாம். கிறிஸ்தவர்களுக்குப் பாதுகாப்புக் கேட்க ஒரு குரு ஆட்சியாளரைப் போய்ப் பார்ப்பது அன்று அவசியமான வேலை. திவான் பதவியைப் பிற்கால ஆய்வாளர்கள் ஏற்கவில்லை.

பல்லக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. துறவிக்குப் பல்லக்கு எதற்கு என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள். சமயத் தலைவர் ஒருவர் எப்படி வர வேண்டும் என்று மக்கள் எதிர்பார்த்தார்களோ அப்படி வந்தால்தான் பேச்சைக் கேட்பார்கள் என்பது அவர் தரப்பு நியாயமாக இருக்கும். அந்த நியாயம் எனக்கு முழுவதும் ஒப்பவில்லை. பரமார்த்த குருவின் கதையை எழுதிய கைக்கும் அது முழுவதும் ஒப்பியிருக்காது என்று ஓர் எண்ணம். முட்டாள் சீடர்கள் ஐவரோடு குதிரை வாங்கித் திண்டாடி, கடைசியில் குதிரையிலிருந்து விழும் அந்தக் குருவைப் படைத்தவர், தாமே குருவாக ஊர்வலம் போனவர். தமிழ் கற்க வரும் ஐரோப்பியர் எளிதாகப் படித்துப் பழகுவதற்கென்று எழுதிய கதை அது. 1822இல் இலண்டனில் அச்சாயிற்று. பிறகு குழந்தைகள் கதையாக எல்லா வீட்டுக்கும் போய்விட்டது.

பெப்ரவரி 4

1740இல் மராத்தியர் படையெடுப்பு தொடங்கியது. 1741இல் திருச்சி வீழ்ந்தது. சந்தா சாகிப் சிறைப்பட்டார். கொள்ளிடக் கரைப் பணித்தளங்கள் போர்க்களம் ஆயின. அறுபது வயதைத் தொட்ட வீரமாமுனிவர் தெற்கே வந்து, முத்துக்குளித்துறையில் மணப்பாட்டில் சில காலம் இருந்தார். காமநாயக்கன்பட்டியில் நடை தொடங்கியவர் முப்பது ஆண்டு கழித்து மறுபடி நம் தென்பகுதிக்கு வந்து சேர்ந்தார். மணப்பாட்டிலேயே இறந்தார் என்று முன்பு எழுதிவந்தார்கள். ஆனால் கடைசியாக அவர் சேரநாட்டு அம்பழக்காட்டில் இருந்த இயேசு சபை இல்லத்துக்குப் போனார் என்றும் அங்கேயே இறையடி சேர்ந்தார் என்றும் சபையின் ஏடுகளைக் கொண்டு ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். அம்பழக்காடு தமிழ் அச்சு வரலாற்றிலும் இடம் பெற்ற ஊர். அந்தாம் தெ புரோவென்சா தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி 1679இல் அங்கேதான் அச்சானது. அகராதி செய்த இன்னொரு துறவி அதே ஊரில் அடங்கினார்.

அவர் இறந்தது 1747ஆம் ஆண்டு பெப்ரவரி 4. அருளானந்தர் ஓரியூரில் வெட்டுண்டு இறந்த அதே நாள். ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து. அருளானந்தருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது 1947இல், பெஸ்கி இறந்த இருநூறாம் ஆண்டில். ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி 4 அன்று நம் ஆலயங்களில் புனித அருளானந்தர் திருவிழாத் திருப்பலி நடைபெறுகிறது. அன்று மன்றாட்டு வேளையில் காமநாயக்கன்பட்டிச் சுவாமியாரின் பெயரையும் ஒருமுறை சொல்லலாம். குருக்கள்பட்டியில் சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.